தப்பிப்போன ரவை

"பெரியம்மா, ஈயம் உடம்புக்குக் கெடுதலா? அப்படின்னா நம்ம பாட்டி ஏன் பித்தளைப் பாத்திரத்துக்கெல்லாம் ஈயம் பூசினாங்க?"

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபி டம்ளரைக் கையில் எடுக்கும்போது வாட்ஸ்அப்பில் வந்து விழுந்த கேள்வி. கேட்டவள் என் தங்கை மகள். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் இருக்கிறாள். ஐந்தாம் மாதம். அதனால் அந்த வீட்டிலிருந்து எந்த நேரத்தில் மெசேஜ் வந்தாலும் எனக்குக் கொஞ்சம் பக்கென்றுதான் இருக்கும்.

கேள்வியோடு ஒரு போட்டோவும் வந்திருந்தது. வெள்ளைத் தட்டில் மூன்று சின்னச் சின்னச் சாம்பல் நிற உருண்டைகள். கடுகைவிடப் பெரியது, மிளகைவிடச் சிறியது.

"இது என்னடி?"

"கறியில இருந்தது பெரியம்மா. பக்கத்து வீட்டுக்காரர் வேட்டைக்குப் போவார். வாத்து, பீசண்ட் ரெண்டும் ஃப்ரீசர் பையில போட்டுக் குடுத்தார். கழுவும்போது கையில தட்டுச்சு."

மினசோட்டாவில் ஏரிகள் அதிகம். செப்டம்பர் கடைசியில் வாத்து வேட்டைக் காலம் தொடங்கிவிடும். நம் ஊரில் பக்கத்து வீட்டு மரத்தில் மாங்காய் காய்த்தால் பத்து வந்து சேருகிற மாதிரி, அங்கே பக்கத்து வீட்டு ஃப்ரீசரிலிருந்து வாத்து வந்து சேரும். பாவம், அன்பாகக் கொடுத்தது. இவளுக்கு அலுவலகத்தில் யாரோ, "கர்ப்பமா இருக்கும்போது வேட்டைக்கறியா? ஈயம் இருக்கும், ஜாக்கிரதை" என்று சொல்லிவிட்டார்கள்.

முதலில் பாட்டியைக் காப்பாற்றிவிடுகிறேன். தமிழில் ஈயம் என்று நாம் பொதுவாகச் சொல்வது இரண்டு வேறு வேறு உலோகங்களை. தெருவில் கூவிக்கொண்டு வந்து பித்தளை அண்டாவுக்குப் பூசிக் கொடுத்தார்களே, ரசம் வைக்கிற ஈயச் சொம்பு இருக்கிறதே, அதெல்லாம் வெள்ளீயம். அது வேறு. துப்பாக்கித் தோட்டாவுக்குள் காலம்காலமாக இருந்தது காரீயம். நஞ்சு என்று சொல்வது இதைத்தான். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் இது தொப்புள்கொடி வழியே போய்ச் சேரும். குழந்தைகளுக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்பதுதான் மருத்துவர்கள் நிலை.

"ஃப்ரிட்ஜ் கதவுல காந்தம் ஒட்டி வெச்சிருப்பே இல்ல, அதை எடுத்து இந்த உருண்டைகிட்ட கொண்டுபோய்ப் பாரு" என்றேன்.

ஒரு நிமிடம் கழித்து வீடியோ வந்தது. மூன்று உருண்டைகளும் டப் டப்பென்று காந்தத்தில் போய் ஒட்டிக்கொண்டன.

"இது வாத்துக் கறியில வந்ததுதானே?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

காந்தம் சொன்னதைவிட முன்னாலேயே அமெரிக்கச் சட்டம் சொல்லிவிட்டது. அந்த நாட்டில் 1991 முதல் எந்த மூலையிலும் காரீய ரவையால் வாத்தைச் சுடக்கூடாது.

ரவை என்றதும் உப்புமா ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை. வாத்து சுடும் துப்பாக்கியில் ஒற்றைக் குண்டு பாய்வதில்லை. ஒரு தோட்டாவுக்குள் நூற்றுக்கணக்கில் சின்ன உருண்டைகள் இருக்கும். விசையை அழுத்தியதும் கொத்தாகக் கிளம்பி விரிந்துகொண்டே போகும். பறக்கிற பறவையை வேறெப்படி அடிப்பது? அந்த உருண்டைகளுக்குத்தான் ரவை என்று பெயர். காரீயத்தில் 4-ம் நம்பர் ரவை என்றால் ஒரு அவுன்ஸுக்கு, அதாவது 28 கிராமுக்கு, சுமார் 135 இருக்கும். இன்னும் பொடியான 6-ம் நம்பர் என்றால் சுமார் 225.

இதைச் செய்கிற முறை நம் சமையலறைக்கு ரொம்பப் பழக்கமானது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் வில்லியம் வாட்ஸ் என்பவர் 1782-ல் காப்புரிமை வாங்கினார். காரீயத்தை உருக்கி, உயரமான கோபுரத்தின் உச்சியிலிருந்து சல்லடை வழியாகக் கீழே விடுவது. துளித் துளியாக விழும்போது காற்றிலேயே உருண்டு, கீழே தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறுகிவிடும். பூந்திக் கரண்டியில் மாவைத் தேய்க்கிறோமே, அதேதான். எண்ணெய்ச் சட்டிக்குப் பதில் தண்ணீர்த் தொட்டி. 327 டிகிரியிலேயே உருகிவிடும், மலிவு, கனம், மென்மை. துப்பாக்கிக் குழாயையும் கீறாது. இத்தனை நல்ல குணம் உள்ள பொருளை யார் விடுவார்கள்?

இப்போது ஒரு கணக்கு. ஒரு தோட்டாவில் 150 ரவை கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறி தப்பாமல் சுட்டாலும் வாத்தின் உடம்பில் தைப்பது சில ரவைகள். மிச்சமெல்லாம்? ஏரிக்குள், சேற்றுக்குள், நாணல் புதருக்குள். அடுத்த வாரமும் அதே ஏரி, அடுத்த வருடமும் அதே ஏரி, அப்பா சுட்ட இடத்தில்தான் பிள்ளையும் சுடுவான். இப்படி நூறு வருடம்.

வாத்துக்குப் பல் கிடையாது. கோழி வாங்கும்போது ஈரலோடு ஒரு கெட்டியான உருண்டைச் சதையும் தருவார்களே, வெட்டினால் உள்ளே மஞ்சள் தோலும் மணலும் கல்லுமாக இருக்குமே, அதுதான் பறவையின் அம்மி. அரைவைப் பை என்று சொல்வார்கள். தானியத்தை அரைப்பதற்காகப் பறவை சின்னக் கற்களைத் தேடித் தேடி விழுங்கும். ஏரிச் சேற்றில் அலகை விட்டுத் துழாவும்போது மிளகு அளவில் உருண்டையாக ஒன்று கிடைத்தால் அது கல்லா, விதையா, காரீயமா என்று வாத்துக்கு என்ன தெரியும்?

உள்ளே போன ரவை வெளியே வராது. அம்மியில் மாட்டிக்கொள்ளும். கற்களோடு சேர்ந்து உரச உரசத் தேயும், வயிற்று அமிலத்தில் கரையும், ரத்தத்தில் ஏறும். ஒன்றிரண்டு ரவையே ஒரு வாத்தை முடிக்கப் போதும். இறக்கையைத் தூக்க முடியாமல் கூரை சரிந்த மாதிரி தொங்கும். உணவு இறங்காது. நெஞ்செலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டு வரும். இரண்டு மூன்று வாரத்தில் செத்துப்போகும்.

இதில் கொடுமை, இந்தச் சாவு யார் கண்ணிலும் படாது. நோயுற்ற வாத்து நாணலுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அங்கே நரியோ கழுகோ தூக்கிப் போய்விடும். சுட்டு விழுந்த வாத்தை எண்ணலாம். சுடாமலே செத்த வாத்தை எப்படி எண்ணுவது? அதனால்தான் வேட்டைக்காரர்கள் பல பேர் பிற்காலத்தில், "நாங்க முப்பது வருஷமா இந்த ஏரியில இருக்கோம், ஒரு வாத்துகூட ஈயத்தில சாகலை" என்று சத்தியம் செய்தார்கள். பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

விஷயம் புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. ஜார்ஜ் பேர்ட் கிரின்னல் என்ற இயற்கை ஆர்வலர், 'ஃபாரஸ்ட் அண்ட் ஸ்ட்ரீம்' என்ற பத்திரிகையின் ஆசிரியர், வாத்துகள் ஈய நஞ்சால் சாவதைப் பற்றி 1894-லேயே எழுதிவிட்டார். அது வேட்டைக்காரர்களும் மீன் பிடிப்பவர்களும் படித்த வாரப் பத்திரிகை. வாரப் பத்திரிகைக்காரர்களைச் சும்மா நினைக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அவர் எழுதியதற்கும் நாடு முழுவதும் தடை வந்ததற்கும் நடுவில் 97 வருடம் ஓடியிருக்கிறது. நம் பேனாவின் வேகம் அவ்வளவுதான்.

நடுவில் ஒருவர் உட்கார்ந்து எண்ணினார். இல்லினாய் மாநிலத்தில் ஃபிராங்க் பெல்ரோஸ் என்ற பறவை ஆராய்ச்சியாளர். ஆயிரக்கணக்கான வாத்துகளின் அரைவைப் பையைத் திறந்து ரவை இருக்கிறதா என்று பார்த்து, 1959-ல் ஒரு கணக்கு வெளியிட்டார். வட அமெரிக்காவின் நீர்ப்பறவைகளில் ஒவ்வொரு வருடமும் 2 முதல் 3 சதவீதம் இப்படிச் சாகின்றன என்றார். அதாவது 16 லட்சத்திலிருந்து 24 லட்சம் பறவைகள். துப்பாக்கி குறி தவறியதால் பிழைத்ததாக நாம் நினைத்த பறவைகளும் இதில் சேர்த்தி.

சரி, எண்ணிக்கை தெரிந்தாயிற்று, மறுநாளே சட்டம் போட்டார்களா? அதுதான் இல்லை. 1970-களில் மத்திய அரசின் வனவிலங்குத் துறை கிழக்குக் கடற்கரைப் பக்கம் சில இடங்களில் மட்டும், காரீயத்துக்குப் பதில் ஸ்டீல் ரவை என்று தொடங்கியது. உடனே கிளம்பியது எதிர்ப்பு. ஸ்டீல் கனம் கம்மி, வாத்தைக் கொல்லாமல் காயப்படுத்தி விடும். ஸ்டீல் கடினம், தாத்தா கொடுத்த துப்பாக்கியின் குழாயைக் கெடுத்துவிடும். விலை அதிகம். டெல்லி... மன்னிக்கவும், வாஷிங்டனில் உட்கார்ந்திருப்பவனுக்கு எங்கள் ஏரியைப் பற்றி என்ன தெரியும்?

இதில் முதல் இரண்டும் வெறும் வீம்பு இல்லை, உண்மையான சங்கடங்கள். காரீயத்தின் அடர்த்தி 11-க்கு மேல், இரும்பு 8-க்கும் கீழே. ஒரே அளவு உருண்டை என்றால் ஸ்டீல் சீக்கிரம் வேகம் இழந்துவிடும். அதற்கு வேட்டைக்காரர்களே பிறகு ஒரு வழக்கம் கண்டுபிடித்தார்கள். காரீயத்தில் 4-ம் நம்பர் போட்ட இடத்தில் ஸ்டீலில் 2-ம் நம்பர் போடு, தூரத்தில் பறப்பதை விட்டுவிடு, கிட்டே வந்ததும் சுடு. தோட்டா கம்பெனிகளும் குழாயில் ஸ்டீல் உரசாமல் இருக்க ரவைக் கொத்தைச் சுற்றித் தடிமனான பிளாஸ்டிக் கிண்ணம் வைத்தார்கள். (அந்தப் பிளாஸ்டிக் கிண்ணங்கள் இப்போது ஐரோப்பாவில் கடற்கரைகளில் ஒதுங்குகின்றன. ஒன்றைத் துரத்தினால் இன்னொன்று.) ஆனாலும் தாத்தாவின் பழைய துப்பாக்கிக்கு ஸ்டீல் ஆகாதுதான். அதற்காகவே பிஸ்மத், டங்ஸ்டன் ரவைகள் வந்தன. விலை கேட்டால் வாத்தைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றும்.

எதிர்ப்பு நாடாளுமன்றம் வரை போனது. அலாஸ்காவின் செனட்டர் டெட் ஸ்டீவன்ஸ் 1978-ல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஒரு மாநிலம் சம்மதிக்காமல் அங்கே ஸ்டீல் விதியை அமல்படுத்த மத்திய அரசு ஒரு பைசா செலவழிக்கக்கூடாது. விதி இருக்கும், கண்காணிக்கக் காசு இருக்காது. கேட்கவே பழக்கமான ஏற்பாடாக இருக்கிறது, இல்லையா?

கடைசியில் இந்த முடிச்சை அவிழ்த்தது வாத்து இல்லை, கழுகு. அமெரிக்காவின் தேசியப் பறவையான வெண்தலைக் கழுகு, ரவை தைத்துத் தப்பிய வாத்தையும் ரவை விழுங்கித் தள்ளாடும் வாத்தையும் பிடித்துத் தின்று தானும் விஷமேறிச் செத்தது. வாத்தை வேட்டையாடலாம், கழுகைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்று தனிச் சட்டம் இருக்கிறது. நேஷனல் வைல்ட்லைஃப் ஃபெடரேஷன் என்ற அமைப்பு 1985-ல் நீதிமன்றம் போனது. வேட்டைக்காரர்களும் ஏராளமாக உறுப்பினராக இருந்த அமைப்பு அது. அடுத்த வருடம் அரசு இறங்கி வந்தது. 1987-ல் தொடங்கிப் படிப்படியாக, 1991-ல் நாடு முழுவதும்.

சட்டத்தின் வாசகத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. காரீயத்தால் சுடக்கூடாது என்பதோடு விடவில்லை. வாத்து வேட்டையில் இருக்கும்போது காரீயத் தோட்டா உன்னிடம் இருக்கவே கூடாது என்கிறது. சட்டைப் பையில் தெரியாமல் ஒன்று கிடந்தாலும் குற்றம்தான். "நான் சுடவே இல்லை சார்" எடுபடாது. ஏனென்றால் சுட்ட பிறகு ஏரியில் போன ரவையைத் தேடி எடுத்துச் சாட்சி காட்ட எந்த அதிகாரியாலும் முடியாது. அடுப்பு மூட்டுவதற்கு முன்னாலேயே தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொள்கிற சட்டம்.

துப்பாக்கிக்கும் கட்டுப்பாடு உண்டு. ஒரே நேரத்தில் மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளக்கூடாது. அதிகம் கொள்கிற துப்பாக்கி என்றால் உள்ளே ஒரு கட்டையைச் செருகி அடைத்திருக்க வேண்டும். துப்பாக்கியைப் பிரித்துப் போட்டால்தான் அந்தக் கட்டையை எடுக்க முடிய வேண்டும். ஒரு கம்பெனி புது ரவை கொண்டுவந்தால், அது விஷமில்லை என்று காட்டியாக வேண்டும். தேவைப்பட்டால் வாத்துக்கே ஊட்டிச் சோதனை செய்ய வேண்டும். அனுமதி பெற்ற ரவையிலும் காரீயக் கலப்பு 1 சதவீதத்துக்குக் கீழேதான் இருக்கலாம்.

இத்தனைக்கும் பலன் இருந்ததா? 1990-களின் பின்பாதியில் மிசிசிப்பி ஆற்றுப் பாதையில் வலசை போகும் வாத்துகளின் அரைவைப் பைகளை மறுபடி ஆராய்ந்தார்கள். விழுங்கப்பட்டிருந்த ரவைகளில் பெரும்பாலானவை இப்போது நஞ்சில்லாதவை. பச்சைத்தலை மல்லார்ட் வாத்துகள் ஈய நஞ்சால் சாவது 64 சதவீதம் குறைந்திருக்கும் என்றும், 1997-ல் மட்டும் கண்டம் முழுவதும் 14 லட்சம் வாத்துகள் பிழைத்திருக்கும் என்றும் கணக்கிட்டார்கள். கனடாவும் 1999-ல் வலசைப் பறவை வேட்டையில் காரீய ரவையை நாடு முழுவதும் நிறுத்தியது.

இவ்வளவும் என் தங்கை மகளுக்குப் போனில் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. "அப்போ கறியைச் சமைக்கலாமா பெரியம்மா?" என்றாள், ஒரே வரியில்.

"வாத்தைச் சமை. ரவை போன வழியில இருக்கிற சதையை வெட்டிப் போட்டுடு. விரலால அமுக்கி அமுக்கிப் பாரு. ஸ்டீல் ரவையைக் கடிச்சா பல் போயிடும்" என்றேன்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. "இன்னொரு பை சொன்னியே, பீசண்ட். அது?"

"அதுல ஒண்ணை நவம்பர்லயே குழம்பு வெச்சுட்டேன். நல்லா இருந்தது. இன்னும் மூணு பாக்கெட் இருக்கு."

காபி ஆறிப்போய்விட்டது.

பீசண்ட் நம் காட்டுக்கோழிக்குச் சொந்தக்காரப் பறவை. தரையில் மேய்வது, வயல்வெளியில் வாழ்வது. 1991-ன் மத்தியச் சட்டம் வாத்து, காட்டு வாத்து, அன்னம், நாமக்கோழி ஆகியவற்றுக்கு மட்டும். பீசண்டுக்கு இல்லை, புறாவுக்குக்கூட இல்லை. மினசோட்டாவில், மத்திய அரசு நீர்ப்பறவைகளுக்காக ஒதுக்கிய நிலத்தில் பீசண்ட் சுடப் போனால் நஞ்சில்லாத ரவைதான் போட வேண்டும். வேலியைத் தாண்டிப் பக்கத்துத் தனியார் வயலில் இறங்கிவிட்டால் காரீயம் போடலாம். ஒரே ஆள், ஒரே துப்பாக்கி, ஒரே பறவை, ஒரே காலைப்பொழுது. நடுவில் ஒரு கம்பி வேலி.

ஏன் இப்படி? அந்தச் சட்டம் எழுதப்பட்டது வாத்தின் வயிற்றுக்காக, நம் வயிற்றுக்காக இல்லை. எந்தப் பறவை எங்கே மேய்ந்து ரவையை விழுங்கும் என்று பார்த்து எழுதிய விதி. சுட்ட கறியை யார் தின்பார்கள், அவர்களில் யார் கர்ப்பிணி என்று பார்த்து எழுதியது இல்லை.

மனிதர்கள் பக்கம் யோசித்துச் சொன்னவர்களும் உண்டு. பிரிட்டனின் உணவுத் தர அமைப்பு, காரீய ரவையால் சுட்ட கறியைச் சின்னக் குழந்தைகளும், கர்ப்பிணிகளும், கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் கூடியவரை தவிர்க்க வேண்டும் என்கிறது. கையில் தட்டிய ரவையைப் பொறுக்கிப் போட்டால் தீர்ந்துவிடாது. காரீயம் மென்மை. எலும்பில் மோதும்போது கண்ணுக்குத் தெரியாத துகளாகச் சிதறிச் சதையில் பரவிவிடும். ஸ்பெயினில் காடையை வினிகரில் சமைத்துச் சோதித்துப் பார்த்தபோது, புளிப்பு சேர்ந்தால் காரீயம் கறிக்குள் இன்னும் அதிகமாக இறங்குவது தெரிந்தது. நம் குழம்பில் தக்காளியும் புளியும் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

லண்டன் வாசகர்கள் இதைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். இங்கிலாந்தில் 1999 முதல் வாத்தைக் காரீயத்தால் சுடுவது சட்டவிரோதம். பத்து வருடம் கழித்துக் கடைகளில் விற்ற வாத்துகளை வாங்கிச் சோதித்தார்கள். 70 சதவீதம் காரீயத்தால்தான் சுடப்பட்டிருந்தன. அமெரிக்காவில் வேட்டைக்காரரின் பையைத் திறந்து பார்க்க அதிகாரி ஏரிக்கரைக்கே வருகிறார். இங்கிலாந்தில் அப்படிப் பார்க்க ஆளில்லை. 2020-ல் அங்குள்ள வேட்டை அமைப்புகள், ஐந்து வருடத்தில் நாங்களாகவே காரீயத்தை விட்டுவிடுகிறோம் என்று அறிவித்தன. அடுத்து வந்த வேட்டைக் காலத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 180 பீசண்டுகளிலிருந்து ரவை எடுத்துப் பார்த்தார்கள். 179-ல் காரீயம். அந்த ஒரே ஒரு நல்ல மனிதர் யாரோ!

டென்மார்க் மட்டும் வேறு மாதிரி. வேட்டை அங்கே இன்றும் பெரிய பொழுதுபோக்கு. ஆனால் 1996-லேயே காரீய ரவையை வைத்திருப்பதுகூடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஏரியா, வயலா, வாத்தா, புறாவா என்ற பேச்சே இல்லை. 2024 ஏப்ரலில் மான் சுடும் ரைஃபிள் குண்டிலும் காரீயத்தைத் தடை செய்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமான விதி 2023 பிப்ரவரியில்தான் வந்தது, அதுவும் நீர்நிலைகளிலும் அவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள்ளும் மட்டும் காரீய ரவையை நிறுத்தியது.

அமெரிக்காவில் இந்தப் பேச்சு அரசியலாகி ரொம்ப நாளாயிற்று. கலிஃபோர்னியா மட்டும் தனி வழி. அங்கே காண்டார் என்ற பெரிய பிணந்தின்னிக் கழுகு 1980-களில் 22 ஆகக் குறைந்துபோய், மிச்சத்தையெல்லாம் பிடித்துக் கூண்டில் வளர்த்துப் பெருக்கி மறுபடி காட்டில் விட்டார்கள். வெளியே விட்டதும் வேட்டையில் செத்த விலங்கின் மிச்சத்தைத் தின்று காரீயத்தால் விழுந்தன. அதனால் 2019 ஜூலை முதல் அந்த மாநிலத்தில் எந்தக் காட்டு உயிரையும் காரீயத்தால் சுடக்கூடாது. மத்திய அரசோ 2017 ஜனவரி 19 அன்று, ஒபாமா ஆட்சியின் கடைசி முழு நாளில், தேசிய வனவிலங்குக் காப்பகங்களில் காரீயத்தைப் படிப்படியாக நிறுத்த ஒரு ஆணை போட்டது. மார்ச் மாதம் புது உள்துறை அமைச்சர் ரயன் ஜின்கி பதவியேற்ற முதல் நாளே, குதிரை மேல் ஏறி அலுவலகத்துக்கு வந்து, அந்த ஆணையை ரத்து செய்தார். குதிரை நிஜம். போட்டோ இருக்கிறது.

"நம்ம ஊர்ல எப்படி?" என்று கேட்பீர்கள். நம்மிடம் ரவை விதி தேவைப்படவில்லை. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-ல் அதற்கு வந்த திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டையையே மூடிவிட்டன. அதற்கும் ரொம்ப முன்னால், 18-ம் நூற்றாண்டின் கடைசியில், வேடந்தாங்கல் கிராமத்து மக்கள் வெள்ளைக்கார சிப்பாய்கள் தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று கலெக்டரிடம் போய்ப் புகார் கொடுத்துத் தடுத்தார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை அவளே கூப்பிட்டாள். பீசண்ட் பாக்கெட் ஒன்றை உருகவைத்து, மாப்பிள்ளையும் அவளுமாக நாலு ரவை எடுத்திருக்கிறார்கள். காந்தத்தில் ஒட்டவில்லை.

"ஒட்டலைன்னா காரீயம்தான்னு முடிவு பண்ணாதே. பிஸ்மத்தா இருந்தாலும் ஒட்டாது. மாப்பிள்ளையைக் கட்டிங் பிளேயர்ல அழுத்திப் பார்க்கச் சொல்லு. பிஸ்மத் பெரும்பாலும் நொறுங்கும். காரீயம் நசுங்கும்."

போனை ஸ்பீக்கரில் போட்டார்கள். சத்தம் எதுவும் வரவில்லை. பிறகு மாப்பிள்ளை குரல்: "சப்பாத்தி மாதிரி ஆயிடுச்சு அத்தை."

அன்றே மருத்துவரிடம் போனாள். நவம்பரில் குழம்பு சாப்பிட்டதைச் சொன்னாள். ரத்தத்தில் காரீய அளவு பார்த்தார்கள். மூன்று நாள் கழித்து முடிவு வந்தது. பயப்படும்படி ஒன்றும் இல்லை, இனிமேல் அந்தக் கறி வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்களாம். அந்த மூன்று நாளும் நானும் என் தங்கையும் எப்படித் தூங்கினோம் என்று கேட்காதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தயக்கம். அன்பாகக் கொடுத்ததைத் திருப்பித் தருவதா? கடைசியில் நசுங்கின ரவையை ஒரு டிஷ்யூவில் மடித்து எடுத்துக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறாள். மனிதர் கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாராம். வாத்துக்குப் போகும்போது பையைத் தலைகீழாகக் கொட்டி ஒவ்வொரு தோட்டாவாகச் சரிபார்ப்பாராம், அபராதத்துக்குப் பயந்து. பீசண்ட் சுட்டது மைத்துனர் வயலில். அங்கே அப்பா காலத்துப் பெட்டியிலிருந்து கை நிறைய அள்ளிக்கொண்டு போவது வழக்கம். அவர் வீட்டிலும் இரண்டு பேரக்குழந்தைகள்.

மூன்று பாக்கெட்டையும் அவரே திரும்ப வாங்கிக்கொண்டார். போகும்போது அந்தக் காந்தத்தை ஒரு நாள் இரவல் கேட்டாராம். கேரேஜில் பழைய தோட்டாப் பெட்டிகள் நிறைய இருக்கின்றன, பிரித்துப் பார்க்க வேண்டும் என்று.

ஃப்ரிட்ஜில் மீனாட்சி அம்மன் கோயில் படம் போட்டு ஒட்டியிருந்த காந்தம் அது. மதுரையிலிருந்து நான் வாங்கிக் கொடுத்தது. இன்னும் திரும்பி வரவில்லை என்கிறாள்.